சிமிழில் வைத்து அனுப்பிய பஞ்சு

ஆலிம்களிடம் மஸ்அலா கேட்டுப் பெண்கள் அனுப்பும் துண்டுச் சீட்டுகளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், எனக்கு வெள்ளை படுகிறது. ஒளு நிற்பதில்லை. என் தொழுகை கூடுமா?" சீட்டில் பெயர் இருக்காது. மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளையின் கையில் மடித்துக் கொடுத்திருப்பார்கள். பதிலையும் அதே பிள்ளை வாங்கிப் போகும்.

எங்கள் தெள்ளாரில் சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சீட்டு என் கைக்கு வந்தது. தொடர்ந்து வெள்ளை படும் பெண் தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக ஒளுச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும் என்ற ஷாபிஈ சட்டத்தையும், ஒரு வக்துக்கு ஒரு ஒளுப் போதும் என்ற ஹனபிச் சட்டத்தையும் எழுதி அனுப்பினேன். சட்டத்தில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் "அடிவயிறும் வலிக்கிறது, இரண்டு வருஷமாக" என்று இன்னொரு வரியும் இருந்தது. அதையும் நான் படித்தேன். அது வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். அந்தச் சகோதரிக்குக் கருக்குழாய் இரண்டும் அடைபட்டுப் போயிருப்பதாக மருத்துவர்கள் சொன்ன செய்தி, பிள்ளையில்லை என்று அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்த பிறகுதான் என் காதுக்கு எட்டியது. ஒளுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய கை, "முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று ஒரு வரி எழுதவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை. சில வீடுகளில் மாதப் பத்திரிகை வந்ததும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது வழக்கம். இதை அப்படிப் படிக்க வேண்டாம். தாய் மகளுக்கும், கணவன் மனைவிக்கும் தனியே படித்துக் காட்டட்டும். ஆனால் படிக்காமல் மட்டும் புரட்டிவிட வேண்டாம்.

வெட்கம் எங்கே நிற்க வேண்டும்?

ஹயா என்னும் வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த வெட்கத்தின் அளவை நமக்குக் கற்றுத் தந்தவர்கள் மதீனாவின் அன்ஸாரிப் பெண்கள். மார்க்கத்தை விளங்கிக் கொள்வதற்கு அவர்களுடைய வெட்கம் தடையாக நிற்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்து சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கனவில் ஆணுக்கு ஏற்படுவது போலப் பெண்ணுக்கும் ஏற்பட்டால் குளிப்புக் கடமையா என்று உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரை சொல்லிக்கொண்டே கேட்டார்கள். அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள், கேட்டவரைக் கடிந்துகொள்ளவில்லை.

அஸ்மா (ரலி) என்ற பெண்மணி ஹைளு முடிந்து குளிக்கும் முறையைக் கேட்டபோது, குளித்தபின் கஸ்தூரி மணம் ஏற்றிய ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துச் சுத்தம் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவருக்குப் புரியவில்லை. எப்படிச் செய்வது என்று மீண்டும் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு மேல் விவரிக்க நாணினார்கள். அப்போது ஆயிஷா (ரலி) அவர்கள் அந்தப் பெண்ணைத் தம் பக்கம் இழுத்து, இரத்தம் பட்ட இடத்தைப் பஞ்சினால் துடைக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் விளக்கினார்கள். ஆணின் நாணமும் காக்கப்பட்டது, பெண்ணுக்குக் கல்வியும் கிடைத்தது. பெண் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் நடக்கும்.

இனி நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கி வரும் செய்தி. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஹைளுப் பாடத்திலும் இது வருகிறது. ஹைளு நின்றுவிட்டதா இல்லையா என்று சந்தேகப்பட்ட பெண்கள், தாமே பஞ்சை வைத்து எடுத்து, மஞ்சள் நிறம் படிந்த அந்தப் பஞ்சை ஒரு சிறு சிமிழில் போட்டு, தொழலாமா என்று கேட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அனுப்புவார்கள். பெண்கள் வாசனைப் பொருளும் சிறு நகைகளும் வைக்கும் சிமிழ் அது. அன்னையவர்கள் பார்த்துவிட்டு, வெண்மையான நீரைக் காணும் வரை அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்புவார்கள்.

இந்த ஹதீஸை மதரஸாவில் நாங்கள் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். ஹைளின் நிறங்களைப் பற்றிய சட்டத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவோம். அந்தச் சிமிழை யாரும் நின்று பார்ப்பதில்லை. தன் உடலிலிருந்து தானே எடுத்து, மூடி வைத்து, அறிந்தவரிடம் அனுப்பி, அவர் சொல்லுக்குக் காத்திருந்தார்கள் அந்தப் பெண்கள். இதை வெட்கக்கேடு என்று அந்தக் காலத்தில் எவரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது தொழுகைக்காக, நோய்க்காக அல்ல என்பது எனக்கும் தெரியும். இதை வைத்துச் சோதனைக் கூடத்துக்குக் கியாஸ் செய்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இப்படி எடுத்து அனுப்புவது பெண்ணின் கண்ணியத்துக்கு மாறானதல்ல என்ற ஒன்றை மட்டுமே இதிலிருந்து எடுக்கிறேன்.

அந்த முறை இன்று மருத்துவத்தில் வந்திருக்கிறது. நீண்ட பஞ்சுக் குச்சி ஒன்றையும் மூடியுள்ள சிறு குழாய் ஒன்றையும் பெண்ணின் கையில் கொடுத்து, மறைவான இடத்தில் அவரே மாதிரி எடுத்துத் தரும்படி சொல்கிறார்கள். பால்வினைத் தொற்று இருக்கிறதா என்று அறிய மருத்துவர் முன் உடை களைந்து படுக்க வேண்டியதில்லை.

சூடு என்று சொல்லிக் காலம் கழிப்பது

நம் பக்கத்தில் வெள்ளை பட்டால் "உடம்பு சூடு" என்பார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி, நன்னாரி குடி என்பார்கள். ஆரணிப் பக்கம் பட்டுத் தறியில் உட்காரும் பெண்களும், வந்தவாசிப் பக்கம் கோரைப் பாய் நெய்யும் பெண்களும் நாள் முழுதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் சூடு பிடித்துவிட்டது என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். இளநீர் நல்லதுதான். கிருமியை அது கொல்லாது.

மாதத்தின் சில நாட்களில் மணமற்ற, தெளிந்த வெள்ளை படுவது பெண்ணின் இயற்கை. அதற்குச் சோதனையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். துர்வாடை, அரிப்பு, நிறமாற்றம், எரிச்சல், அடிவயிற்று வலி, இல்லறத்தின்போது வலி அல்லது இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அது நோய்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1996-97ல் நம் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில், 16 முதல் 22 வயதுக்குட்பட்ட மணமான பெண்கள் 451 பேரைச் சோதித்து, அதன் முடிவுகளை 2005ல் வெளியிட்டார்கள். 100க்கு 53 பேர் தமக்கு ஏதோ ஒரு பெண் நோய்க் குறி இருப்பதாகச் சொன்னார்கள். சோதனைக் கூடத்தில் 100க்கு 38 பேருக்குத் தொற்று உறுதியானது. குறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டதற்கு, அருகில் பெண் மருத்துவர் இல்லை, மறைவான இடம் இல்லை, தொலைவு, செலவு, இது எல்லாருக்கும் இருப்பதுதானே என்று சொன்னார்கள். அந்தக் காரணங்களில் முதல் இரண்டையும் பாருங்கள். இரண்டும் அவ்ரத்தை மறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்திலிருந்து வந்தவை. நல்ல எண்ணம் நோயை உள்ளே வளர்த்திருக்கிறது.

மராட்டிய மாநிலம் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங் அவர்களும் குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து 1989ல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 92 பேருக்கு ஏதேனும் ஒரு பெண் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு 8 பேர்தான்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கிளமிடியா, வெட்டை என்னும் இரண்டு நோய்களும் கருப்பையின் வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாயைப் புண்ணாக்கி அடைத்துவிடும். அதனால் மலடு உண்டாகும். குழாயிலேயே கரு தங்கி உயிருக்கு ஆபத்து நேரும். கர்ப்பத்தில் கிரந்தி நோய் இருந்தால் குழந்தை இறந்து பிறக்கலாம். பிறக்கும் குழந்தையின் கண்ணுக்கும் தீங்கு வரலாம். இவற்றில் கிளமிடியா மிகவும் கள்ளத்தனமானது. பெண்களில் பெரும்பாலோருக்கு அது எந்தக் குறியும் காட்டாமலே உள்ளே இருக்கும். உலகில் 15 முதல் 49 வயதுள்ளவர்களிடம் குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டும் 2020ல் புதிதாக 37 கோடிக்கு மேல் உண்டானதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. குணப்படுத்தக்கூடியவை என்பதைக் கவனியுங்கள். சில நாள் மாத்திரையில் தீரும் நோய்க்கு ஒரு குடும்பமே சிதைந்து போகிறது.

மாதிரி எடுக்கும் முறை

முன்னெல்லாம் கருவியை உள்ளே வைத்து விரித்து, வெளிச்சம் பாய்ச்சி, கருப்பை வாயிலிருந்தே மருத்துவர் மாதிரி எடுக்க வேண்டும் என்றிருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனைக்கு அப்படித்தான் தேவைப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த காரி முல்லிஸ் என்பவர் 1983ல் கண்டறிந்து, அதற்காக 1993ல் நோபல் பரிசு பெற்ற முறையினால் நிலைமை மாறியது. கிருமியின் மரபணுவில் சிறிதளவு கிடைத்தாலும் அதைப் பல கோடி மடங்கு பெருக்கிக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் யோனிக்குள்ளிருந்து பெண்ணே எடுக்கும் மாதிரியும், மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு ஈடாகப் பயன்படுகிறது. கிளமிடியா, வெட்டை ஆகிய இரண்டுக்கும் பெண்ணே மாதிரி எடுக்கும் வசதியைக் கூடுதல் வழியாக அளிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2019ல் உறுதியாகப் பரிந்துரைத்தது. டிரைகோமோனாஸ், கிரந்தி இவற்றுக்கும் அதைப் பரிசீலிக்கலாம் என்றது. நம் நாட்டில் கோவாவிலும் பெண்களே எடுத்த மாதிரிகளின் நம்பகத்தை மருத்துவர்கள் ஆராய்ந்து 2003ல் வெளியிட்டுள்ளனர்.

முறை எளிது. கையைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திக்கொள்ள வேண்டும். குந்தியோ, ஒரு காலை உயர்த்தி வைத்தோ நின்றுகொண்டு, குச்சியின் பஞ்சு முனை வேறெங்கும் படாமல் சுமார் இரண்டு அங்குலம் உள்ளே செலுத்தி, அரை நிமிடம் வரை மெதுவாகச் சுழற்றி வெளியே எடுத்து, நேராகக் குழாய்க்குள் போட்டு, குறியிட்ட இடத்தில் குச்சியை ஒடித்து மூடிவிட வேண்டும். வலி இருக்காது. அதற்கு முந்தைய ஒரு நாள் உள்ளே மருந்து வைக்கவோ, உட்புறத்தைக் கழுவவோ கூடாது. ஹைளு நாட்களில் எடுக்காமல் தள்ளி வைப்பது நல்லது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தாமாக எடுக்க வேண்டாம். மணமாகாத பெண்ணுக்குச் சோதனை தேவைப்பட்டால் குச்சி வேண்டாம். சிறுநீரின் முதல் பகுதியைப் பிடித்துத் தந்தால் போதும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உட்புறத்தைக் கழுவுவது பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. நம் பெண்களில் சிலர் இஸ்திஞ்சாவில் பேணுதல் என்று நினைத்து உள்ளே விரல் விட்டுச் சோப்பும், கிருமிநாசினியும் போட்டுக் கழுவுகிறார்கள். இதை எந்த மத்ஹபும் கேட்கவில்லை. குந்தி அமரும்போது வெளியே தெரியும் பகுதியைக் கழுவினால் போதும் என்பது ஷாபிஈ நூல்களில் தெளிவாக இருக்கிறது. உள்ளே அல்லாஹ் படைத்து வைத்திருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அந்த இடத்தைக் காக்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவினால் அவை போய், கெட்டவை பெருகி, வாடையும் நீரும் அதிகமாகும். அதைக் கண்டு இன்னும் அதிகமாகக் கழுவுவார்கள். வஸ்வாஸே நோயாகிவிடுகிறது. நள்ளிரவில் விளக்கைக் கொண்டுவரச் சொல்லித் தூய்மையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களை ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களின் மகளார் குறை கூறிய செய்தியையும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அந்தச் சிமிழின் செய்திக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். தேவையானபோது பார், அளவுக்கு மீறித் துருவாதே என்று இரண்டும் சேர்ந்து நமக்குச் சொல்கின்றன.

இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் இந்தக் குச்சி கையில் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அரசு நிலையங்களில் பெரும்பாலும் குறியைக் கேட்டு, அதற்கேற்ற பச்சை நிற, சாம்பல் நிறப் பொட்டலங்களில் மருந்து தரும் முறைதான் நடக்கிறது. அந்த மருந்து இலவசம், நல்லது. கொடுத்தால் முழுவதையும் சாப்பிடுங்கள். ஆனால் குறியே காட்டாத நோயை அந்த முறை பிடிக்காது. மரபணுச் சோதனை பெரிய மருத்துவமனைகளிலும் நகரத்துச் சோதனைக் கூடங்களிலும் நடக்கிறது. அங்கே போகும்போது, "மாதிரியை நானே எடுத்துத் தரலாமா?" என்று கேளுங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அவ்ரத்தின் சட்டம்

தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மற்றொரு பெண்ணும் பார்க்கக் கூடாது. நோயின் தேவை வந்தால் அது ஆகுமாகிறது. அப்போதும் முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், அவர் இல்லையேல் பிற மதத்துப் பெண் மருத்துவர், அவரும் இல்லையேல் மஹ்ரமோ கணவரோ உடனிருக்க ஆண் மருத்துவர் என்று பிக்ஹு நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. தேவைக்காக ஆகுமாவது தேவையின் அளவுக்கு மட்டுமே ஆகும் என்பது எல்லா மத்ஹபும் ஏற்ற விதி. அப்படியானால், பிறர் பார்க்காமலே அதே உண்மையை அறிய ஒரு வழி இருக்கும்போது, அந்த வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் அவ்விதிக்குப் பொருத்தம். இது வெறும் அனுமதி என்பதற்கு மேலாக, விரும்பத்தக்கது என்பதே என் கருத்து. பெரிய உலமாக்கள் இதில் மேலும் விளக்கம் தந்தால் ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் இதைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சலுடன் அடிவயிற்று வலி, கர்ப்ப காலத்தில் இரத்தம், ஹைளு நின்று பல ஆண்டுகள் கழித்து மீண்டும் இரத்தம், புண், கட்டி ஆகிய நிலைகளில் குச்சியோடு நின்றுவிடுவது பிழை. அங்கே மருத்துவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். தேவை அந்த அளவுக்கு விரிந்துவிட்டது. அங்கே போய் வெட்கத்தைக் காரணம் காட்டும் கணவனும் மாமியாரும் பேணுதலாக நடப்பதாக எண்ணுகிறார்கள். உண்மையில் ஓர் உயிரோடு விளையாடுகிறார்கள்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

இக்கட்டுரையில் நான் மிகவும் அஞ்சி எழுதும் பகுதி இது. "பால்வினை" என்ற சொல் சோதனைச் சீட்டில் வந்துவிட்டால் சில வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "இவளுக்கு இது எங்கிருந்து வந்தது?" என்று முதல் கேள்வி எழும். அந்தப் பயத்தினாலேயே பல பெண்கள் சோதனைக்குப் போவதில்லை.

முதலில், பெண் உறுப்பில் வரும் தொற்றெல்லாம் பால்வினைத் தொற்று அல்ல. மேலே சொன்ன வேலூர் ஆய்வில் 100க்கு 15 பேருக்கே பால்வினைத் தொற்று. 28 பேருக்கு இருந்தது உடலிலேயே உள்ள நுண்ணுயிர் பெருகியதால் வந்தது. இரண்டாவது, பால்வினைத் தொற்றாகவே இருந்தாலும் அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சீட்டும் சொல்லாது. கிளமிடியா மாதக் கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும் அமைதியாக இருக்கும். கிரந்தி பல ஆண்டுகள் மறைந்திருக்கும். மணமான நாளிலிருந்து கணவனைத் தவிர வேறு நிழல் படாத பெண்ணுக்கும் இது வரும். கணவனுக்கே தெரியாமல் அவனிடம் இருந்திருக்கலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் கணவனைச் சந்தேகிக்கச் சொல்கிறேன் என்றும் யாரும் பொருள் கொள்ள வேண்டாம். சீட்டில் நோயின் பெயர்தான் இருக்கிறது. பாவத்தின் பெயர் அதில் இல்லை.

கற்புள்ள பெண்ணின் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு எண்பது கசையடி என்றும், அவன் சாட்சியம் இனி ஏற்கப்படாது என்றும் ஸூரத்துந் நூர் கட்டளையிடுகிறது. ஒரு சோதனைச் சீட்டு நான்கு சாட்சிகளாகுமா? ஒரு சாட்சி கூட ஆகாது. அந்த ஸூராவின் அந்த வசனங்களை அடுத்து வருவது யாருடைய செய்தி என்று நினைத்துப் பாருங்கள். பெண்கள் நம்பிச் சிமிழ் அனுப்பினார்களே, அந்த அன்னையின் செய்திதான். ஏறத்தாழ ஒரு மாத காலம் அவதூறு ஊரெங்கும் பேசப்பட, அன்னையவர்கள் நோயுற்றுக் கிடந்தார்கள். வானிலிருந்து வஹீ வந்து அவர்களின் தூய்மையை அறிவித்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு வஹீ வராது. அவளுக்காக நாம்தான் வாய் அடக்க வேண்டும்.

கணவன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவனும் மருந்து சாப்பிட வேண்டும். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அவள் குணமாகி மீண்டும் அவனிடமிருந்தே பெறுவாள். இருவரும் மருந்து முடித்து, மருத்துவர் சொல்லும் நாள் வரை, பொதுவாக ஏழு நாள், சேராமல் இருக்க வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை, நான் ஏன் சாப்பிட வேண்டும்?" என்று மறுப்பவன், தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழியின் கருத்தை மறுக்கிறான். சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சீட்டு அமானிதம். தெருவில் ஒரு வார்த்தை கசிந்தாலும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

புற்றுநோயைப் பற்றியும்

இதே குச்சி இன்னொரு பெரிய காரியத்துக்கும் உதவுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரு வைரஸினால் வருகிறது என்று கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹவுசன் 2008ல் நோபல் பரிசு பெற்றார். பாலுறவில் பரவும் வைரஸ் அது. மணமானவர்களில் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறை தொட்டுச் செல்வது. பெரும்பாலும் தானே மறைந்துவிடும். மறையாமல் பல ஆண்டுகள் தங்கும் சிலருக்கே புற்றாகிறது. இங்கும் பழி பேச இடமில்லை. 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் வந்தது, சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர். மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்து 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2009ல் வெளியான ஆய்வில், இந்த வைரஸ் சோதனையை ஒரே ஒரு முறை செய்த பகுதியில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையேனும் இந்நோய்க்குச் சோதித்துக்கொண்டவர்கள் 100க்கு 10 பேர் கூட இல்லை.

30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த வைரஸ் சோதனை போதும் என்றும், மாதிரியைப் பெண்ணே எடுக்கலாம் என்றும் உலக சுகாதார அமைப்பு 2021ல் கூறியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2018 முதல் "ரோஸ்" என்ற பெயரில் இதைச் செய்து வருகிறார்கள். பெண் மறைவில் தானே மாதிரி எடுத்துத் தருகிறார். முடிவு அவருடைய கைப்பேசிக்கு வருகிறது. நம் தமிழ் உறவினர் பலர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது அவர்களிடம் பெண்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சில மஸ்அலாக்கள்

குச்சி வெளியே வரும்போது ஈரத்துடன்தான் வரும். ஆகவே ஒளு முறிந்துவிடும். குளிப்புக் கடமையாகாது.

நோன்பு நேரத்தில் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஷாபிஈ மத்ஹபில், இஸ்திஞ்சாவில் கழுவ வேண்டிய எல்லையைத் தாண்டி எது உள்ளே போனாலும் நோன்பு முறியும். ஹனபி மத்ஹபில், உலர்ந்த குச்சியின் ஒரு முனை வெளியே இருந்தால் முறியாது, நனைந்திருந்தால் முறியும். ரமலானில் இப்தாருக்குப் பின் இரவில் எடுத்து வைத்தால் இந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் போக வேண்டியதே இல்லை. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைக் குழாயைத் தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லறத்துக்குப் பின் உடனே எடுத்துவிடலாமா என்றும் கேட்பார்கள். குளித்து, ஒரு நாள் விட்டு எடுப்பது சோதனைக்கும் நல்லது.

குழாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவாசிக்கோ வேலூருக்கோ பஸ்ஸில் போகும்போது லுஹர் நேரம் வந்துவிடும். அந்தப் பையைத் தோளில் மாட்டியபடியோ, குழாயை இடுப்பில் செருகியபடியோ தொழக் கூடாது. மூடியிருந்தாலும் நஜீஸைச் சுமந்து தொழுவதாகிவிடும் என்ற சந்தேகம் இருக்கிறது. பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒளுச் செய்து தொழுதுகொண்டு, பிறகு எடுத்துச் செல்ல வேண்டும்.